கர்ணனுக்கு ஈ-பாஸ் யார் கொடுப்பது?

கொரோனா ஊரடங்கில் மூடியிருந்த டாஸ்மாக் கடைகள் 2020 மே 7 அன்று திறந்தன. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. அரசு உச்ச நீதிமன்றம்வரை போய்த் தடை வாங்கி, மே 16 முதல் மறுபடியும் திறந்தது. அந்த மாதக் கடைசியில் சின்னத்திரைப் படப்பிடிப்புக்கு 60 பேர் வரை அனுமதி கிடைத்தது. ஜூலையில் கிராமத்துச் சின்னக் கோயில்கள், செப்டம்பரில் 75 பேரோடு சினிமா படப்பிடிப்பு, நவம்பர் 10 அன்று பாதி இருக்கைகளோடு திரையரங்குகள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி வந்தது. கோயிலுக்கு எதிரில், நாலு பக்கமும் காற்று வருகிற வெட்டவெளியில் நடக்கிற தெருக்கூத்துக்கு மட்டும் தேதி வரவில்லை. நான் தேடிப் படித்த அரசாணைகளில் கூத்துக்கென்று ஒரு வரி கிடையாது. 'திருவிழா', 'மதக் கூட்டம்', 'கலாச்சார நிகழ்ச்சி' என்கிற ஏதோ ஒரு மூட்டைக்குள் எங்களையும் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அரசாணையெல்லாம் நான் ஏன் தேடிப் படித்தேன் என்று சொல்லிவிடுகிறேன். என் ஊர் வந்தவாசிப் பக்கம். பகலில் ரேஷன் கடை விற்பனையாளர், ராத்திரியில் கட்டியக்காரன். ரேஷன் கடை வேலையிலிருந்து இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன். கட்டியக்காரனுக்கு ஓய்வு வயது கிடையாது.

கூத்து பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. கூத்தில் எல்லாச் சலுகையும் கட்டியக்காரனுக்குத்தான். ராஜா வருகிறார் என்று சபைக்குச் சொல்வதும் அவன்தான், அந்த ராஜாவையே கிண்டல் செய்வதும் அவன்தான். துவாபர யுகத்துக் கதைக்கு நடுவில் ரேஷன் பருப்பைப் பற்றிப் பேசலாம், பஞ்சாயத்துத் தலைவர் போட்ட ரோட்டைப் பற்றிப் பேசலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது மரபு.

எங்கள் நாடக மன்றம் பெரிய கம்பெனி இல்லை. புரிசைக் கூத்துக்காரர்களைப் போலக் கடல் தாண்டிப் போய் ஆடியவர்களும் இல்லை. கர்ணன் வேஷம் கட்டுகிறவர் கல் உடைக்கிறவர். கர்ணன் மனைவி பொன்னுருவியாக நிற்கிறவர் தையல்காரர். மிருதங்கம் டிராக்டர் ஓட்டுகிறது, பின்பாட்டு கோரைப் பாய் நெய்கிறது. முகவீணைக்காரர் ஒருவர்தான் வேறு தொழில் தெரியாதவர். சுற்றுவட்டாரத்தில் எந்தக் கூத்து ஜமாவுக்கு முகவீணை வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

ஊரே சேர்ந்து நடத்துகிற இப்படிப்பட்ட சின்ன மன்றங்களின் கணக்கு வழக்கு வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தை பிறந்தால் ஊர் நாட்டாமைகள் வெற்றிலை பாக்கோடு அச்சாரம் வைப்பார்கள். மாசியில் ஆரம்பித்து ஆடி, ஆவணிவரை ஓடும். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கிற ஊர்களில் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து என்று பத்து நாள், பதினெட்டு நாள் தொடர்ந்து வேலை இருக்கும். மிச்ச மாதங்களில் பத்துப் பைசா வராது. அதனால் சீசனுக்கு முன்பே வேஷக்காரர்கள் மன்றத் தலைவரிடம் முன்பணம் வாங்கிவிடுவார்கள். இந்த வருஷம் வேறு ஜமாவுக்குப் போக மாட்டேன் என்பதற்கு அந்தப் பணம்தான் உறுதி. தலைவர் அதை வெளியில் வட்டிக்கு வாங்கியிருப்பார்.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்கு 144 போட்டபோது பங்குனி பிறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. வருஷத்துச் சம்பாத்தியத்தில் பெரும்பகுதி இனிமேல்தான் வரவேண்டும், வாங்கிய பணமோ ஏற்கெனவே செலவாகியிருந்தது. ஊர்க்காரர்கள் அச்சாரத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது, தலைக்கட்டு வரி போட்டுச் சேர்த்த பணம் அது. தலைவர் அதை வேஷக்காரர்களுக்குக் கொடுத்திருந்தார். வேஷக்காரர்கள் அரிசி வாங்கிச் சாப்பிட்டிருந்தார்கள். வட்டிக்காரருக்கு மட்டும் ஊரடங்கு கிடையாது. அடகு வைக்கலாம் என்றால் எதை வைப்பது? கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டிய ராஜகிரீடத்தை எந்தச் சேட்டுக் கடையில் எடுப்பார்கள்?

அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் என்று அரசு அறிவித்ததை எங்கள் ஊரில் எண்ணிக் கொடுத்தவன் நான். ஏப்ரல் வெயிலில் கடை வாசலில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, டோக்கன் வரிசைப்படி ஆட்களை நிறுத்தினேன். வரிசையில் கர்ணனும் வந்தார், பொன்னுருவியும் வந்தார். கொடைவள்ளல் கர்ணனுக்கே படியளந்தவன் என்று பிற்பாடு சபையில் சொல்லி நான் நிறையக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்கு ஆயிரமும் இரண்டாயிரமுமாக நிவாரணம் வந்தது உண்மை. எங்கள் மன்றத்தில் பாதிப்பேர் பதியவில்லை. ஏன் பதியவில்லை என்று சென்னையிலிருந்து கூத்து பார்க்க வருகிற நண்பர்கள் கேட்கிறார்கள். கல் உடைக்கிறவர் சான்றிதழ்களைச் சேர்க்க ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினால், ஏறி இறங்குகிற ஒவ்வொரு நாளும் கூலி போகும். அதற்குமேல், கூத்தாடி என்று அட்டை வாங்கி வைத்துக்கொண்டால் பெண்ணுக்கு மாப்பிள்ளை வருமா என்று யோசிக்கிறவர்களும் எங்களுக்குள் உண்டு. இதை வெளியில் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லிவிட்டேன்.

விழிப்புணர்வு வேண்டும் என்றால் மட்டும் அரசாங்கத்துக்கு எங்கள் ஞாபகம் வரும். குடும்பக் கட்டுப்பாடு, எய்ட்ஸ், மழைநீர் சேகரிப்பு என்று நான் கட்டியக்காரனாகப் பேசாத விஷயம் இல்லை. கைகழுவச் சொல்லிக் கொடுக்கவும் சில ஊர்களில் கலைஞர்களைக் கூப்பிட்டார்கள். கூத்தில் சொன்னால் மக்களிடம் ஏறும் என்று தெரிந்த அரசுக்கு, அதே கூத்தை எப்படிப் பத்திரமாக நடத்தலாம் என்று யோசிக்க ஏன் தோன்றவில்லை?

இத்தனைக்கும் கூத்தும் கொள்ளைநோயும் எங்கள் பக்கத்தில் ஒன்றுக்கொன்று அந்நியமில்லை. மாரியம்மனுக்கு எடுக்கிற விழாவே வைசூரிக்குப் பயந்து எடுத்ததுதான். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று கோயிலே இருக்கிறது. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அடுத்த வீட்டுக்காரர் உள்ளே போக மாட்டார். காப்புக் கட்டிவிட்டால் ஊரை விட்டு யாரும் வெளியே தங்கக் கூடாது. நோய் இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, அதற்குப் பிறகுதான் பொங்கலும் கூத்தும். இதிலெல்லாம் அறிவியல் இருக்கிறது என்று மார்தட்ட நான் வரவில்லை. வைசூரியை ஒழித்தது தடுப்பூசி, வேப்பிலை அல்ல. இந்தியாவில் கடைசியாக அது வந்தது 1975இல். நான் சொல்ல வருவது வேறு. மூடு என்று சொன்ன ஊர்க்கட்டுப்பாடே எப்போது திறப்பது என்பதையும் சேர்த்துச் சொன்னது. நோய் இறங்கியதற்கு அடையாளமாக ஊர் கூடி உட்கார்ந்தது கூத்தில்தான்.

2020 டிசம்பரில் திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்குக் கட்டுப்பாடுகளோடு அனுமதி உண்டு என்றார்கள். 2021 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஒரு நாளைக்குத் தொற்று 500க்குக் கீழே வந்திருந்தது. மாசி மாதம். ஊர்ப் பெரியவர்கள் ஒரு யோசனையோடு மன்றத் தலைவரிடம் வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் கருமாதி ராத்திரி கர்ண மோட்சம் விடுவது வழக்கம். விடிய விடிய ஆடி, விடியற்காலையில் கர்ணன் மோட்சம் போனால் இறந்தவரும் நல்ல கதிக்குப் போவார் என்று நம்பிக்கை. ஊரடங்கில் எங்கள் ஊரில் செத்தவர்களுக்குக் கூத்து இல்லை. சாவுக்கு 20 பேர் என்று கணக்கு வைத்திருந்த காலம் அது. ஈ-பாஸ் கிடைக்காமல் பெற்ற பிள்ளை வந்து சேராத சாவும் உண்டு. கோயம்பேட்டில் மூட்டை தூக்கப் போய், அங்கேயே காய்ச்சல் கண்டு, முகம்கூடக் காட்டாமல் புதைக்கப்பட்டவர் ஒருவர். அத்தனை பேருக்கும் சேர்த்துப் பொதுவாக ஒரு கர்ண மோட்சம் விட வேண்டும் என்றார்கள்.

அனுமதி வாங்கிய கதையை நீட்ட விரும்பவில்லை. ஒரு ஆபீசில் கேட்டால் இன்னொரு ஆபீஸ் கடிதம் எங்கே என்பார்கள். அங்கே போனால் முதல் ஆபீஸ் கடிதம் வேண்டும் என்பார்கள். "ஆடல் பாடலா? ரெக்கார்டு டான்ஸா?" என்று ஓர் அதிகாரி கேட்டார். பாரதம் என்றேன். "அதான், டான்ஸ் உண்டா இல்லையா?" என்றார். எல்லோரும் இப்போது ஏன் நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், அந்தச் சின்னப் பெண் ஒருவர்தான் எப்படி நடத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். இரண்டு கேள்விக்கும் எத்தனை தூரம்! அவர் நேரில் வந்து களத்தைப் பார்த்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கும் என்று கேட்டார். முகவீணை ஊதுகிறவர் மாஸ்க் போட முடியாது என்று நாங்கள் சொன்னதும், அவரையும் பின்பாட்டுக்காரர்களையும் காற்று வெளியே போகிற ஓரத்தில் உட்காரவைக்கச் சொன்னார். ஒரே மைக்கில் நாலு பேர் வாய் வைத்துப் பாடுவதை நிறுத்தச் சொன்னார். கடன் வாங்கி இன்னும் இரண்டு மைக் எடுத்தோம்.

சபையை நான் பார்த்துக்கொண்டேன். ரேஷன் கடையில் வட்டம் போட்டுப் பழகிய கை. கூத்துக்கு வருகிறவர்கள் எப்படியும் வீட்டுக்கு ஒரு பாயோடுதான் வருவார்கள். பாய்க்கு ஊர் எங்கள் ஊர், அளவு எனக்கு மனப்பாடம். பாய் அளவுக்குக் கட்டம், கட்டத்துக்கு நடுவில் ஆள் நடக்க இடம் என்று கோயில் களம் முழுக்கச் சுண்ணாம்புக் கோடு போட்டேன். ஒரு வீட்டு ஆட்கள் ஒரு பாயில். ஏற்கெனவே ஒன்றாகத் தூங்குகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து கூத்து பார்ப்பதில் புதிதாக என்ன வந்துவிடப் போகிறது? சினிமா தியேட்டரில் ஏசியைப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களை ஒரு சீட் விட்டு ஒரு சீட் உட்காரவைத்ததைவிட இது மோசமா? தொற்று அடைத்த அறையில்தான் அதிகம் பரவும் என்று அதற்குள் உலகத்துக்கே தெரிந்துவிட்டது.

சிக்கலெல்லாம் வேஷம் கட்டுகிற இடத்தில்தான். அரிதாரம் குழைக்கிற தட்டு எப்போதும் பொது. ஒருவர் குழைத்த செந்தூரத்தில் நாலு பேர் விரல் வைப்பார்கள். இந்த முறை ஆளுக்கொரு கொட்டாங்கச்சி, ஆளுக்கொரு கண்ணாடி. ஆனால் கட்டை கட்டுவதைத் தனியாகச் செய்ய முடியாது. புஜக்கட்டை, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாவற்றையும் கயிறு போட்டு இன்னொருவர் முட்டி கொடுத்து இழுத்துக் கட்ட வேண்டும். இறுக்கம் போதாவிட்டால் கர்ணன் ஒரு கிறுக்கி சுற்றும்போது கிரீடம் சபையில் போய் விழும். கடைசியில் கர்ணனுக்கு அவர் சொந்தத் தம்பி, பொன்னுருவிக்கு அவர் மகன் என்று வீட்டு ஆட்களே கட்டிவிட்டார்கள். பொன்னுருவியின் மகன் பாலிடெக்னிக் படிக்கிற பையன். அப்பாவுக்குச் சேலை கட்டிவிட அதுவரை கூச்சப்பட்டவன். கல்லூரி மூடிக் கிடந்த அந்த வருஷத்தில் பாட்டும் பழகிக்கொண்டான்.

ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கவேண்டிய கூத்து ஏழு மணிக்கே தொடங்கியது. களரி கட்டி முடித்து நான் உள்ளே போனேன். மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு, கையில் சானிடைசர் பாட்டிலோடு போனதற்கே சபை சிரித்துவிட்டது. இரண்டு பேர் திரை பிடித்திருக்க, கர்ணன் திரைக்குப் பின்னால் சலங்கை ஒலிக்க அடவு போட்டு நிற்கிறார்.

"ராஜாதி ராஜா, கர்ண மகாராஜா! அவசரப்படாதீங்க. திரைக்குப் பின்னாலயே இருங்க. பதினாலு நாள் கழிச்சு நானே திரையை எடுக்கறேன்."

"அடே கட்டியக்காரா! யுத்த களத்தில் எனக்காகக் காத்திருக்கிறார்கள்!"

"காத்திருக்கட்டும். அங்க தேசத்துலேர்ந்து குருட்சேத்திரம், மாவட்டம் விட்டு மாவட்டம் ஆச்சே, ஈ-பாஸ் எங்க?"

"ஈ-பாஸா? நான் யார் தெரியுமா? சூரிய புத்திரன்!"

"அப்பா பேரு போட்டா எடுக்காது மகாராஜா. ஆதார் நம்பர் போடணும்."

அப்பா பெயர் என்றதும் களத்தில் ஒரு நொடி சிரிப்பு நின்றது. கர்ணனுக்கு வாழ்நாள் முழுக்க இருந்த தொல்லையே அதுதானே. அடுத்த நொடி முன்னைவிடப் பெரிதாகச் சிரித்தார்கள். ஒரு வருஷம் அடக்கி வைத்திருந்த சிரிப்பு. பந்தோபஸ்துக்கு வந்திருந்த கான்ஸ்டபிளும் சிரித்தார்.

அதே சபை நடுராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால் வேறு மாதிரி ஆனது. கர்ணன் சாய்ந்துவிட்டார். பொன்னுருவி தலைவிரி கோலமாகப் புலம்புகிற கட்டம். கோயம்பேட்டில் கணவரைப் பறிகொடுத்த அம்மா மூன்றாம் வரிசைப் பாயில் இருந்தார். பொன்னுருவி பாடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, என் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டாமல் அதன்மேலேயே நின்று, தன் ஒப்பாரியைத் தொடங்கினார். பெயர் சொல்லி, மூட்டை தூக்கிய தோளைச் சொல்லி, கடைசியாக போனில் பேசியதைச் சொல்லிப் பாடினார். தையல்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். ஆர்மோனியம் அந்த அம்மாவின் குரலைத் தேடிப் பிடித்துச் சுருதி கொடுத்தது. முகவீணை கூடவே போனது. இன்னும் இரண்டு பாய்களிலிருந்து பெண்கள் எழுந்தார்கள், அவரவர் சாவு அவரவருக்கு. பக்கத்தில் போய்க் கட்டிப்பிடித்து அழ முடியாமல் நின்ற இடத்திலேயே அழுதார்கள். முடிகிறவரைக்கும் கூத்து காத்திருந்தது. பிறகு பொன்னுருவி விட்ட அடியிலிருந்து பாட்டை எடுத்தார். யூடியூபில் போட்டுக்கொள்ளலாமே, ஜூமில் நடத்தலாமே என்று யோசனை சொன்னவர்களுக்கு என் பதில் இந்த ராத்திரிதான். யூடியூபில் எங்கள் கூத்து நிறைய இருக்கிறது. பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் வருகிற காசு கேமரா வைத்திருக்கிறவருக்குப் போகிறது, அழுகை எங்கேயும் போவதில்லை.

நடுராத்திரியோடு முடித்துவிட்டோம், அனுமதி அவ்வளவுதான். "விடியாத கூத்து ஒரு கூத்தா?" என்று ஒரு பாட்டி என்னிடம் சண்டை பிடித்தார். நியாயம்தான். இறந்தவர்கள் பாதி வழியில் நிற்பார்களே என்பது அவர் கவலை.

மார்ச்சில் தேர்தல் சூடு பிடித்தது. எங்கள் களத்தைவிடப் பத்து மடங்கு கூட்டம் லாரியில் வந்து இறங்கியது. யாரும் சுண்ணாம்புக் கோடு போடவில்லை. ஏப்ரல் 4 மாலை பிரசாரம் ஓய்ந்தது, 6 அன்று ஓட்டு. 10ஆம் தேதியிலிருந்து திருவிழாக்களுக்கும் மதக் கூட்டங்களுக்கும் தடை. அதே ஆணையில் உள்ளரங்கக் கூட்டத்துக்கு 200 பேர் உண்டு, கல்யாணத்துக்கு 100 பேர் உண்டு, திரையரங்குக்குப் பாதி இருக்கை உண்டு. கூரைக்குக் கீழே இருந்தால் தொற்று வராது, வானத்துக்குக் கீழே இருந்தால் வரும் என்று எந்த வைத்தியர் சொன்னார்? பல மாவட்டங்களில் கலைஞர்கள் வேஷம் கட்டிக்கொண்டே போய்க் கலெக்டர் அலுவலக வாசலில் மனுக் கொடுத்தார்கள். ஏப்ரல் 20 முதல் ராத்திரி 10 முதல் காலை 4 வரை ஊரடங்கு என்றும் சொல்லிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அந்த நேரத்தில் தொழில் செய்கிறவர்கள் திருடர்களும் நாங்களும்தான்.

மே 10 அன்று முழு ஊரடங்கு வந்தது. அதை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். ஆக்சிஜனுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் வரிசை கட்டி நின்ற மாதம் அது. அந்த மாதம் யாராவது கூத்து விடக் கிளம்பியிருந்தால் நானே போய்த் தடுத்திருப்பேன். எங்கள் முகவீணைக்காரரை அந்த மாதம்தான் பறிகொடுத்தோம். அவருக்குச் சீடர் இல்லை. இன்றுவரை ஆர்மோனியத்தை வைத்துத்தான் ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறோம். நல்ல முகவீணை கேட்டுப் பழகியவர்களுக்குத்தான் அது என்ன இழப்பு என்று தெரியும். அவர் வாரியத்தில் பதிந்தவரும் இல்லை.

ஆக, மூடியது தப்பு என்று நான் வாதாடவில்லை. திறக்கத் தெரியாததுதான் தப்பு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படிக்கிற ஒரு மாணவர் எங்கள் கூத்தைப் பார்க்க வந்திருந்தார். அவர் ஒன்று சொன்னார். ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனிலும் பிளேக் வந்தால் நாடகக் கொட்டகைகளை மூடுவார்களாம். ஆனால் அதற்கு ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். வாரத்துப் பிளேக் சாவு 30ஐத் தாண்டினால் மூடு, இறங்கினால் திற. பிற்பாடு அதை 40 ஆக்கினார்கள். மூடிக் கிடந்த காலத்துக்கு 1604இல் ராஜா ஜேம்ஸ் தன் பெயரில் இயங்கிய நாடகக் குழுவுக்கு 30 பவுன் கொடுத்துத் தாங்கியிருக்கிறார். நாடகத்தைப் பிடிக்காத நகரசபை அங்கேயும் இருந்ததாம். இருந்தும் நடிகனுக்கு எந்த எண்ணைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலத்தில் அவர்களால் ஓர் எண்ணைச் சொல்ல முடிந்தது. தினமும் சாயங்காலம் மாவட்டவாரியாகத் தொற்றுக் கணக்கு வெளியிட்ட நம்மால் முடியவில்லை. 2022 ஜனவரியிலும் இதே கதைதான். தை பிறந்து அச்சாரம் வாங்குகிற நேரத்தில் இரவு ஊரடங்கு. 28ஆம் தேதி அதை எடுப்பார்கள் என்று எந்த நாட்டாமைக்குத் தெரியும்? அதற்குள் அந்தச் சீசனின் பாதி அச்சாரம் போயிருந்தது.

அடுத்த தொற்று வராது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. அதனால் அரசிடம் கேட்பதை இப்போதே கேட்கிறேன். பேரிடர் விதிகளில் திறந்தவெளிக் கலை நிகழ்ச்சிக்குத் தனியாக ஒரு வகை எழுதுங்கள். ஒன்றியத்தில் தொற்று இவ்வளவுக்குக் கீழே இருந்தால், இத்தனை பாய், இத்தனை இடைவெளியோடு நடத்தலாம் என்று அதில் எண் போடுங்கள். அனுமதி கொடுக்கிற அதிகாரம் ஒரே மேசையில் இருக்கட்டும், கூடவே சுகாதார நிலைய மருத்துவரின் கையெழுத்து இருக்கட்டும். தடை போட்டே தீரவேண்டிய காலத்தில், மீனவர்களுக்கு மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கொடுக்கிறீர்களே, அதுபோலச் சீசன் கலைஞர்களுக்கும் கொடுங்கள். கடலுக்குப் போகாதே என்று சொன்னால் சோற்றுக்கு வழி சொல்ல வேண்டும் என்பதை இந்த அரசாங்கங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவைதான். வாரியத்தில் பதிகிற முகாமை மாவட்டத் தலைநகரில் வைக்காமல், பாரதம் நடக்கிற களத்திலேயே ஒரு ராத்திரி மேசை போட்டு வையுங்கள். அத்தனை ஜமாக்காரர்களையும் ஒரே இடத்தில் பிடிக்கலாம்.

கலை பண்பாட்டுத் துறை இதைப் படிக்குமா என்று தெரியாது. கோயில் நாட்டாமைகள் படிப்பீர்கள். இந்த வருஷம் தாம்பூலம் வைக்கும்போது, நோய்த் தடையால் கூத்து நின்றால் அச்சாரம் ஜமாவுக்கே, தடை நீங்கியதும் அதே தொகைக்கு ஆட்டம் உண்டு என்று ஒப்பந்தச் சீட்டில் இரண்டு வரி சேருங்கள். எங்கள் ஊரில் 2022 சித்திரையிலிருந்து அப்படித்தான் எழுதுகிறோம்.